சூத்திரமும் உரையும்

ஒரு காரியத்தைச் செய்து முடிக்கத் தெரிந்தவன், அக்காரியத்தை அறிந்தவன் ஆவானா? இவ்வினா புதிதன்று. இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்க நாட்டில் இது விரிவாக ஆராயப்பட்டது. ஆயினும் எனக்கு இவ்வினா நூல்களின் வழியாக வந்து சேரவில்லை. பிள்ளைகள் விளையாடும் ஒரு சிறிய பிளாஸ்ரிக் பொருளின் வழியாகவே வந்தது. ரூபிக் சதுரமுகி எனப்படும் அப்பொருளை அறியாத மாணவர் இன்று அரியர். ஆறு முகங்கள், முகத்துக்கு ஒன்பது சிறு சதுரங்கள், ஆறு நிறங்கள். ஒவ்வொரு முகமும் தன் அச்சிற் சுழலும். நான்கைந்து முறை திருகினால் நிறங்கள் யாவும் கலந்துவிடும். கலைந்ததை மீண்டும் ஒழுங்குபடுத்துவதே விளையாட்டு.

சென்ற மார்கழி விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வந்த என் மருமகன் தனது சதுரமுகியை எங்கள் வீட்டில் மறந்து விட்டுச் சென்றான். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணிதம் கற்பிக்கும் ஆசிரியன் என்ற செருக்கோடு நான் அதனைக் கையில் எடுத்தேன். மூன்று வாரங்கள் கழிந்தன. ஒரேயொரு முகத்தை வெள்ளை நிறமாக்க முடிந்ததே எனது சாதனை. அதனையும் பெருமையோடு, அயல்வீட்டில் ஒன்பதாம் வகுப்பிற் படிக்கும் மாணவியிடம் காட்டினேன். அவள் வாங்கி ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். “இது சரியில்லை, சேர். பக்கத்து நிறங்களைப் பாருங்கோ” என்றாள்.

அவள் கூறியது உண்மை. மேல்முகம் முழுவதும் வெள்ளையாயிருந்தது. ஆனால் அம்முகத்தைச் சூழ்ந்த நான்கு பக்கங்களிலும் சிவப்பும் பச்சையும் நீலமும் தாறுமாறாகக் கிடந்தன. நான் சதுரங்களைப் பார்த்தேனேயன்றித் துண்டுகளைப் பார்க்கவில்லை. சதுரமுகியில் நிறங்கள் தனித்து நகர்வதில்லை. எட்டு மூலைத் துண்டுகள் மூன்று நிறங்களையும், பன்னிரண்டு விளிம்புத் துண்டுகள் இரண்டு நிறங்களையும் தாங்கியுள்ளன. ஆறு நடுத் துண்டுகள் தம்முள் இடம் மாறுவதேயில்லை. எந்த முகம் எந்த நிறத்துக்குரியது என்பதை நிர்ணயிப்பன அவையே. எனவே வெள்ளையை மட்டும் கண்டு ஓர் இடத்தில் அமர்த்திய மூலைத் துண்டு, தன் ஏனைய இரு நிறங்களாலும் அவ்விடத்துக்கு அந்நியமாயிருத்தல் கூடும். எனது வெள்ளை முகம் வெறும் புறத்தோற்றமே.

அதன்பின் அவளே எனக்கு ஆசிரியையானாள். இரண்டு மாலைப் பொழுதுகளில், முதலில் வெள்ளைச் சிலுவை, அடுத்து மூலைகள், பின் நடு அடுக்கு, இறுதியில் கடைசி அடுக்கு எனப் படிப்படியாகக் கற்பித்தாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு சூத்திரம்: வலத்தை இறக்கு, அடியைத் திருப்பு, வலத்தை ஏற்று என்பன போல. அவற்றை மனனஞ் செய்தேன். மூன்றாம் நாள் என் கைகள் சதுரமுகியை முழுமையாக ஒழுங்குபடுத்திவிட்டன. ஆனால் எதிர்பார்த்த மகிழ்ச்சி வரவில்லை. கைகள் முடித்தன, நான் அறியேன். “இந்தத் திருப்பங்கள் ஏன் இப்படி வருகின்றன, பிள்ளை?” என்று கேட்டேன். “அது அப்பிடித்தான், சேர். ஏனெண்டு எனக்கும் தெரியாது. செய்தால் சரிவரும்” என்றாள்.

அவ்விடை எனக்குப் பழக்கமானது. பல ஆண்டுகளுக்கு முன், பதினோராம் வகுப்பில் இருபடிச் சமன்பாட்டின் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதியபொழுது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, அது எங்கிருந்து வந்தது என வினவினான். “அது சோதினைக்கு வராது. பாடமாக்கு” என்று நான் கூறினேன். அவன் அமர்ந்தான். அவ்வாண்டு முடியும்வரை அவன் வேறெதையும் கேட்டதில்லை.

சூத்திரத்தின் துணையால் ஒன்றைச் செய்து முடிப்பதைப் பற்றி இருவகையான கருத்துகள் நிலவுகின்றன. தானே கண்டுபிடியாத எதனையும் அறிவென ஒப்புக்கொள்ளலாகாது. பிறர் வகுத்த சூத்திரத்தாற் புதிரை விடுவிப்பது ஒருவகைக் களவு என்பர் ஒரு சாரார். முடிவு சரியாயிருக்கும்போது விளக்கம் எதற்கு, சோறு வெந்ததா என்பதே கேள்வி என்பர் மற்றொரு சாரார். முன்னையது மேதைமையை வழிபடுவோர் கொள்கை. பின்னையது பரீட்சைப் புள்ளிகளை வழிபடுவோர் கொள்கை. இரண்டையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது கொள்கையை எடுத்துக்கொள்வோம். சதுரமுகி கொள்ளக்கூடிய நிலைகளின் எண்ணிக்கை 43,252,003,274,489,856,000. ஏறத்தாழ 4,32,520 கோடி கோடி எனலாம். வினாடிக்கு ஒரு நிலையாக ஒருவன் இடைவிடாது பார்த்துச் சென்றாலும், அனைத்தையும் பார்த்து முடிக்கப் பிரபஞ்சத்தின் வயதைப் போல நூறு மடங்கு காலம் வேண்டும். ஆகவே இங்கே தற்செயலுக்கு இடமில்லை, முறை இன்றியமையாதது. அம்முறை எவ்வாறு பிறந்தது? 1974ஆம் ஆண்டில் ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ற்றில், பிரயோகக் கலைக் கல்லூரியொன்றில் விரிவுரையாளராயிருந்த ஏர்னோ ரூபிக், ஒன்றோடொன்று பிணைந்திருந்தும் தனித்தனியே அசையவல்ல துண்டுகளாலான ஓர் அமைப்பை மரத்தினாற் செய்தார். அதனைத் திருகிப் பார்த்தபின்னரே, மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் வழி தமக்குத் தெரியாதென்பதை உணர்ந்தார். தாம் படைத்ததைத் தாமே விடுவிக்க அவருக்கு ஏறத்தாழ ஒரு மாதம் பிடித்தது. 1977இல் அது ஹங்கேரியிற் கடைகளுக்கு வந்தது. 1980 முதல் உலகெங்கும் பரவியது. இங்கிலாந்திலே டேவிட் சிங்மாஸ்ரர் என்ற கணித ஆசிரியர் திருப்பங்களை எழுத்துகளாற் குறிக்கும் முறையை வகுத்தார். அதுவரை கைக்குள் அடங்கிக் கிடந்த அறிவு, அக்குறியீட்டினால் தாளில் எழுதி அனுப்பத்தக்கதாயிற்று. 1981இல் பற்றிக் பொசேர்ட் என்ற இங்கிலாந்துப் பள்ளிச் சிறுவன் எழுதிய வழிகாட்டி நூல் பத்து இலட்சத்துக்கு மேல் விற்பனையாயிற்று. வெவ்வேறு நாடுகளில் எண்ணற்றோர் ஒரு சூத்திரத்தைச் சுருக்கினர், மற்றொன்றைத் திருத்தினர், கண்டவற்றைப் பகிர்ந்துகொண்டனர்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி எனக்குச் சொல்லித் தந்த சூத்திரங்களில் இத்தனை பேருடைய உழைப்பும் அடங்கியுள்ளது. அதனைப் பெற்றுக்கொள்வது களவாயின், நாம் பேசும் மொழியும் களவே. பூச்சியத்தைக் கொண்டு எண்ணுவதும் களவே. ஒவ்வொருவரும் முதலிலிருந்தே தொடங்க வேண்டும் என்னுங் கொள்கை கேட்பதற்கு உயர்ந்ததாகத் தோன்றும். நடைமுறையிலோ அது ஓய்வும் வசதியும் உடையவரை மேதைகளாகவும், மற்றையோரை மந்தர்களாகவும் பிரித்துக் காட்டவே பயன்படும். ஒரு மாதம் ஒரு புதிரோடு அமர்ந்திருக்க எல்லாராலும் இயலுமா? தோட்டத்திலிருந்தும் கடற்கரையிலிருந்தும் வரும் பிள்ளைக்கு, முன்னோர் தேடிவைத்ததை முதலிற் கையளிப்பதே நீதி. கடன் வாங்கிய அறிவு இழிவானதன்று.

இனி, இரண்டாவது கொள்கைக்கு வருவோம். முடிவு சரியானாற் போதும் என்பதன் குறையை எனக்கு உணர்த்தியது ஒரு விபத்து. ஒருநாள் சதுரமுகி மேசையிலிருந்து விழுந்து துண்டு துண்டாகச் சிதறிற்று. பொறுக்கியெடுத்துக் கைக்கு வந்தபடி பொருத்தி, நிறங்களைச் சேர்த்துத் தரும்படி அம்மாணவியிடம் கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேலாக முயன்றாள். எல்லாம் பொருந்தின, ஒரு மூலை மட்டும் தன்னிடத்திலே முறுகி நின்றது. கலைத்து மீண்டும் தொடங்கினாள். மீண்டும் அதே முடிவு. கண்கள் கலங்க, “எனக்கு எல்லாம் மறந்துபோச்சுது போல, சேர். எங்கையோ பிழை விடுறன்” என்றாள்.

அவள் எங்கும் பிழை விடவில்லை. பின்னர் நூல்களைப் புரட்டி அறிந்துகொண்டது இது: சதுரமுகியின் எந்தத் திருப்பமும் ஒரு மூலையைத் தனியே முறுக்குவதில்லை. ஒரு மூலை வலஞ்சுழியாக முறுகினால், வேறொன்று இடஞ்சுழியாக முறுக வேண்டும். அல்லது மூன்று மூலைகள் ஒரே திசையில் முறுக வேண்டும். மொத்தத்தில் முறுக்கங்கள் சமப்பட்டே தீரும். விளிம்புத் துண்டுகளும் அவ்வாறே. ஒன்று தனித்துப் புரளாது. வேறெதையும் அசைக்காமல் இரு துண்டுகள் மட்டும் இடம் மாறிக்கொள்வதும் நிகழாது. இம்மூன்று விதிகளின் பயனாக, சிதறிய துண்டுகளைக் கண்டபடி பொருத்தினால், பன்னிரண்டில் ஒரு பங்கு வாய்ப்பில் மட்டுமே அது தீர்க்கத்தக்கதாய் அமையும். எஞ்சிய பதினொரு பங்கிலும் உலகின் எந்த வல்லுநராலும் திருப்பங்களால் அதனைத் தீர்க்க முடியாது. நான் பிழையாகப் பொருத்தியிருந்தேன். ஆனால் பழியை அவள் தன்மேற் போட்டுக்கொண்டாள்.

சூத்திரத்தை மட்டும் பெற்று, அதன் காரணத்தைப் பெறாதவர்களுக்கு நேரும் கேடு இதுவே. தோல்வி வரும்போது, அது தம் பிழையா, தமக்குத் தரப்பட்ட பொருளின் பிழையா என்று பிரித்தறிய அவர்களிடம் கருவியில்லை. எனவே பழியைத் தாமே சுமப்பர். நமது பாடசாலைகளில் ஒவ்வோர் ஆண்டும் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில், தம்மைத் தாமே மூடரெனத் தீர்ப்பளித்துக்கொண்டு வெளியேறும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். ஆய்வுகூடமில்லாத பாடசாலையில் விஞ்ஞானமும், ஆசிரியரில்லாத வகுப்பிற் கணிதமும் படித்தவர்கள் அவர்களுட் பலர். பொருத்தும்போதே பிழையாகப் பொருத்தப்பட்ட ஒன்றைத் தீர்க்கும்படி அவர்களிடம் கொடுத்தோம். அவர்களோ, எங்கேயோ தாங்கள் பிழை விட்டதாக நம்பிச் செல்கின்றனர். “ஏன்” எனக் கேட்கப் பழக்கப்படாதவர் தமக்கு இழைக்கப்பட்ட அநீதியைக்கூட அடையாளங் காணமாட்டார். ஆகவே விளக்கம் பெறுவதைக் கற்றவர்களின் ஆடம்பரம் எனத் தள்ளிவிடுதல் தவறாகும். அது அவர்களது உரிமை.

அங்ஙனமாயின் மனனம் முற்றாகக் கைவிடத்தக்கதோ? அவ்வாறு கூறுவது மிகையாகும். தமிழ்க் கல்வி மரபிலே சூத்திரத்தை முதலிற் பாடமாக்குவதும், உரையைப் பின்னர்க் கேட்பதும் வழக்கமாயிருந்தன. நன்னூலைப் பாடமாக்கிய பிள்ளை அன்றே அதனை விளங்கிக்கொண்டதில்லை. ஆயினும் உரை எழுதுவதற்கென ஒரு பெரும் அறிஞர் கூட்டம் தலைமுறை தலைமுறையாக இருந்தது. நாவலர் காண்டிகையுரை செய்ததும் இவ்வழியிலேயே. சூத்திரம் சுருங்கியிருத்தல் நினைவிற் கொள்வதற்காக. உரை விரிந்திருத்தல் விளங்கிக்கொள்வதற்காக. இரண்டும் சேர்ந்தே நூலாயின. நாமோ சூத்திரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உரையைக் கைவிட்டோம்.

சதுரமுகியின் ஒரு சூத்திரத்துக்கு உரை சொல்லிப் பார்ப்போம். வெள்ளை அடுக்கு மேலே இருக்கிறது. முன்புற வலது மூலை மட்டும் நிரம்பவில்லை. அவ்விடத்துக்குரிய துண்டு அதற்கு நேர்கீழே, அடி அடுக்கில், வெள்ளை வலப்பக்கம் நோக்க நிற்கிறது. சூத்திரம் மூன்று திருப்பங்களாலானது. முதலாவதாக வலமுகத்தை, அதன் முன்புறம் கீழிறங்குமாறு கால்வட்டம் திருப்புகிறோம். நிரப்பப்படவேண்டிய இடம் கீழே வருகிறது; நமது துண்டு பின்னே ஒதுங்குகிறது. இரண்டாவதாக அடிமுகத்தைத் திருப்புகிறோம். பின்னே ஒதுங்கிய துண்டு முன்னே வந்து, கீழிறங்கிய இடத்திற் புகுந்துகொள்கிறது. மூன்றாவதாக வலமுகத்தைப் பழையபடி ஏற்றுகிறோம். இடம் துண்டையும் சுமந்துகொண்டு மேலே செல்கிறது; வெள்ளை மேல்நோக்கி நிற்கிறது. கிணற்றில் வாளியை இறக்கி, நீரை மொண்டு, மேலே இழுப்பது போன்றதே இது. இதனை விளங்கியவர் மனனஞ் செய்யவேண்டிய தேவையில்லை. மறந்தாலும் தாமே மீண்டும் காண்பார்.

இவ்வுரை எனக்கு மற்றொன்றையும் விளக்கிற்று. முதற் திருப்பத்திலேயே மேல்முகத்தின் மூன்று சதுரங்கள் இடம்பெயர்கின்றன. அடைந்த ஒழுங்கு குலைகிறது. மூன்று வாரங்கள் நான் ஓரடியும் முன்னேறாதிருந்தது இதனாலேயே. கிடைத்த ஒரு வெள்ளை முகத்தைக் குலைக்க அஞ்சி, அதனைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன். குலைப்பதற்கு அஞ்சுபவன் கட்ட முடியாது. ஆனால் கண்டபடி குலைப்பவனும் கட்ட முடியாது. எதை, எந்த ஒழுங்கிற் குலைத்தால் எந்த ஒழுங்கில் மீட்கலாம் என்று அறிந்து குலைத்தலே முறை.

அம்மூன்று திருப்பங்களோடு அடிமுகத்தையும் திரும்பக் கொணரும் நாலாவது திருப்பத்தைச் சேர்த்தால், செய்த இரண்டையும் நாம் மீட்டுவிட்டதாகத் தோன்றும். ஆனால் சதுரமுகி தொடங்கிய நிலையில் இல்லை. அசையத்தக்க இருபது துண்டுகளிற் பதின்மூன்று பழைய இடத்திலிருக்க, ஏழு மட்டும் மாறியுள்ளன. கடைசியாகச் செய்ததை முதலில் மீட்டிருந்தால் யாவும் பழையபடி ஆகியிருக்கும். நாம் முதலிற் செய்ததை முதலில் மீட்டோம். அந்த வரிசை வேறுபாடே விளைவைத் தந்தது. இதே நான்கு திருப்பங்களை ஆறுமுறை தொடர்ந்து செய்தால், தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வோம். எந்தத் திருப்பக் கோவையை எடுத்துக்கொண்டாலும் இது பொருந்தும். சிலவற்றிற்கு நூற்றுக்கணக்கான தடவைகள் வேண்டியிருக்கலாம், ஆயினும் மாற்றமின்றித் திரும்பத் திரும்பச் செய்தால் இறுதியிற் புறப்பட்ட இடமே கிட்டும். எத்தனை முறை செய்து நிறுத்தவேண்டும் என்பதைக் கண்ணே தீர்மானிக்க வேண்டும். பயிற்சி வினாக்களை ஆயிரக்கணக்கிற் செய்விக்கும் நாம் இதனையும் சிந்தித்தல் நன்று.

2010இல் சில ஆய்வாளர்கள் கூகிள் நிறுவனத்தின் கணினிகளைக் கொண்டு, ஒரு கணினி தனித்துச் செய்தால் 35 ஆண்டுகள் பிடிக்கக்கூடிய கணிப்பை நிறைவேற்றி, எந்நிலையிலுள்ள சதுரமுகியையும் இருபது திருப்பங்களுக்குள் தீர்க்கலாமென நிறுவினர். அதனைக் கடவுளின் எண் என அழைப்பதுண்டு. தொடக்கநிலைக் கற்போன் பின்பற்றும் முறையிலோ நூறு முதல் இருநூறு திருப்பங்கள்வரை ஆகும். ஆயினும் எது மேலானது? கலைந்த ஒரு சதுரமுகியைப் பார்த்த அளவில் அந்த இருபது திருப்பங்களைக் கண்டு நடக்க மனிதரால் இயல்வதில்லை. நூற்றைம்பது திருப்பங்களின் வழியையோ ஒரு சிறுமி ஓர் ஆசிரியனுக்கு இரண்டு மாலைகளிற் கற்பித்தாள். சுற்றுவழியாயினும் பலரும் நடக்கக்கூடியது. ஒருவர் மற்றவருக்குச் சொல்லிக் கொடுக்கக்கூடியது. ஆசிரியத் தொழில் செய்வோர் விரும்பவேண்டிய வழி இதுவே.

பிளேட்டோ தமது ‘மெனோ’ என்னும் உரையாடலில் தொடக்கத்தில் நாம் எழுப்பிய வினாவை ஆராய்கிறார். சரியான கருத்துடையவன் லரிசா நகருக்கு வழிகாட்டுவதில், அவ்வழியை அறிந்தவனுக்குக் குறைந்தவனல்லன். ஆனால் காரணத்தாற் கட்டப்படாத கருத்து நிலைத்து நில்லாது ஓடிவிடும் என்பது அங்கே பெறப்படும் முடிவு. அதே உரையாடலிற் சோக்கிரதீஸ் கல்வியறிவற்ற ஓர் அடிமைச் சிறுவனை அழைத்து, வினாக்கள் மூலமாகவே, ஒரு சதுரத்தைப் பரப்பளவில் இரட்டிப்பாக்கும் வழியை அவன் வாயாலேயே சொல்லச் செய்கிறார். அறிவு எவருக்கும் உரியது என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. ஆனால் சான்று முடிந்தபின் அச்சிறுவன் அவ்வுரையாடலிற் பேசுவதில்லை. அவனுடைய அறிவு தத்துவத்துக்கு உதவிற்று. அவன் அடிமையாகவே இருந்தான். அறியும் ஆற்றல் எல்லாருக்கும் உண்டென்று ஒப்புக்கொள்வது ஒன்று. அறிவதற்குரிய வாய்ப்பை எல்லாருக்கும் அளிப்பது வேறொன்று. முதலாவதோடு நின்றுவிடும் தத்துவம் அரைத் தத்துவமே.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சமுதாயத்தைச் சதுரமுகிக்கு ஒப்பிட்டு எளிதாக முடிவு காண முயல்வது பொருந்தாது. சதுரமுகியின் ஒழுங்கு அதனைச் செய்தவர்கள் முன்னரே வகுத்தது. நாம் அதனை மீட்கிறோம். மனித வாழ்வின் ஒழுங்கு எங்கும் வரைந்து வைக்கப்படவில்லை. முன்பிருந்த ஏதோ ஒரு பொற்காலத்தை மீட்பதும் நமது வேலையன்று. துண்டுகளுக்கு வலியில்லை, மனிதருக்கு உண்டு. விளையாட்டிலிருந்து நாம் கொள்ளத்தக்கது கற்கும் முறை பற்றிய சில உண்மைகளே.

பிழையாகப் பொருத்திய மூலையைக் கழற்றி நேராக்கி, அம்மாணவியிடம் காரணத்தை விளக்கினேன். சிறிது நேரம் பேசாதிருந்தாள். பின், “அப்ப நான் பிழை விடேல்லை” என்றாள். அவ்வளவுதான். அடுத்த தவணை தொடங்கியதும், பதினோராம் வகுப்பில் ஒரு முழுப் பாடவேளையைச் செலவிட்டு, வர்க்கபூர்த்தியின் வழியாக இருபடிச் சமன்பாட்டின் சூத்திரம் எவ்வாறு பிறக்கிறதென்பதைக் காட்டினேன். நாற்பது பேரிற் பத்துப் பேருக்கே விளங்கியிருக்கும். பாடத்திட்டத்தில் ஒருநாள் பின்தங்கினேன். அதற்கு விளக்கமும் கேட்கப்பட்டது. அந்த இழப்பு மெய்யானது. அதனை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அன்று பின்வரிசையில் ஒருவன் எழுந்து ஒரு கேள்வி கேட்டான். பல ஆண்டுகளுக்கு முன் நான் அமரச் செய்த மாணவனுக்குக் கொடுக்கவேண்டிய விடையை, மிகவும் பிந்தியே ஆயினும், இவனுக்குக் கொடுத்தேன்.

ஆசிரிய நண்பர்களே, சூத்திரங்களைக் கொடுங்கள். அவை நம் முன்னோரின் உழைப்பு, பிள்ளைகளின் சொத்து. ஆனால் உரையையும் சேர்த்துக் கொடுங்கள். மாணவ நண்பர்களே, கொடுக்காவிடிற் கேட்டு வாங்குங்கள்.